நம்பர் போட்ட மருதமரங்கள்

போன மாதம் தச்சநல்லூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பாவும் நானும் ஒரு காலத்தில் ஒரே லாரியில் ஓடியவர்கள். அவர் டிரைவர், நான் கிளீனர். அந்தப் பழக்கத்துக்காக என்னை முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கோயில் புதுசு. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். ஏசி போட்டு எல்லாக் கதவையும் சாத்தியிருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால் பெரிய திரை. பாட்டின் வரிகள் அதில் ஒவ்வொன்றாக வந்துபோயின. வரிகளுக்குப் பின்னால் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

எந்த நாட்டு ஆறோ தெரியவில்லை. ஊசி ஊசியாக மரங்கள், பின்னால் பனிமலை, தண்ணீர் நீலமாக. பக்கத்தில் இருந்த இளவட்டத்திடம், "இது எங்கன இருக்கு தம்பி?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல இருக்கு அண்ணாச்சி" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்தக் கோயிலிலிருந்து இறங்கிப் பைய நடந்தால் தாமிரபரணிக்குப் போய்விடலாம். அதை யாரும் படம் பிடித்துத் திரையில் போடவில்லை. போடுகிற நிலைமையில் அதுவும் இல்லை என்று வையுங்கள்.

பெஞ்சுகளுக்கு அப்போதுதான் வார்னிஷ் அடித்திருப்பார்கள் போல. மூடின அறைக்குள் அந்த வாசனை மூக்கைப் பிடித்தது. எனக்கு வார்னிஷ் என்றால் மரம், மரம் என்றால் பேட்டை. பாதிரியார் பிரசங்கத்தில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார், நான் பேட்டைக்குப் போய்விட்டேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை ஊரில், வள்ளம் வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவன் அந்த ஊரில் இருக்க முடியாது. எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றது. உப்பளம், புரோட்டாக் கடை, லாரி, கேரளாவில் ரப்பர் தோட்டம் என்று சுற்றி, முப்பது வயது வாக்கில் பேட்டையில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் வந்து ஒதுங்கினேன். தங்க இடம் மில்லிலேயே, மரத்தூள் மூட்டைகளுக்குப் பக்கத்தில். மெத்தைக்கு அது பரவாயில்லை. இருமல்தான் வரும்.

அங்கேதான் மருதமரம் என்ன மரம் என்று தெரிந்துகொண்டேன். தேக்கு வாளுக்குள் வெண்ணெய் மாதிரி போகும். மருதம் அப்படி இல்லை. வாளைத் தின்னும். ஒரு தடி அறுத்து முடித்தால் வாளைக் கழற்றித் தீட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு, ஆனால் வாள் தீட்டுகிறவனுக்கு அன்றைக்குத்தான் வேலை. தீட்டுகிறவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு கதவு நிலையைக் கொண்டுபோய் இறக்கச் சொன்னார்கள். பேட்டையிலிருந்து சேரன்மாதேவி போகிற ரோட்டில் நடுவில் இறங்கி, ஆற்றைப் பார்த்து நடக்க வேண்டிய ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே பதினோரு குடும்பம் உள்ள ஒரு சபை. கோயில் என்று இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. சித்திரை மாதத்தில் அதற்குள் நின்று பாவ அறிக்கை செய்தால், நரகத்தைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவைப்படாது. ஐயர், அதாவது எங்கள் பக்கத்துப் பாதிரியார், மாதம் ஒரு முறை நற்கருணை கொடுக்க வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். உபதேசியார் என்றால் ஐயருக்குக் கீழே, சபையோடு சபையாகக் குடியிருந்து ஆராதனை நடத்துகிறவர். அவர் பெயர் ஞானமுத்து. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் இருக்கலாம். சைக்கிளில் போகும்போதும் வேட்டியை மடித்துக் கட்டமாட்டார். அதனால் வேட்டி ஓரம் எப்போதும் செயின் கறை.

நிலையை இறக்கிவிட்டுக் கிளம்பினவனை, "டீ குடிச்சிட்டுப் போவும்வே" என்று நிறுத்தினார். "ஆனா டீ ஒரு மணி நேரம் கழிச்சுதான்" என்றார்.

அது அந்தச் சபையின் வழக்கம். வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லாக் குடும்பங்களும் ஆற்றங்கரைத் தோப்புக்குப் போவார்கள். பதினாலு மருதமரம். சபையில் முன்பு இருந்த யாரோ ஒருவர் சாகும்போது கோயிலுக்கு எழுதிவைத்துப் போன தோப்பு அது. குடும்பத்துக்கு ஒரு மரத்தடியில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். வேதப் புத்தகம் கிடையாது, பாட்டு கிடையாது, சத்தம் போட்டு ஜெபம் கிடையாது. உபதேசியார் எழுந்துபோய் ஆற்றில் கால் கழுவினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு எல்லோரும் படித்துறையில் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேல் சொல்லக்கூடாது. யாரும் அதற்குப் பதில் சொல்லவும் கூடாது. அதற்கப்புறம்தான் டீயும் சுண்டலும்.

டீக்காக நானும் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். ஆற்றுக்குப் பக்கத்தில், வேர் பாதி வெளியே தெரிந்த மரம். சாய்ந்ததும் தூங்கிவிட்டேன். குறட்டை வேறு. படித்துறையில் என் முறை வந்தபோது, "தூங்கிட்டேன்" என்றேன். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பதில் சொல்லக்கூடாது என்ற விதியை உபதேசியாரே அன்றைக்கு மீறினார்.

"தூங்க வைக்கிறதும் அவருதான்வே. அடுத்த மாசமும் வாரும்."

போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், நான் எங்கே போனாலும் அடுத்த மாதமும் வா என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அடுத்த மாதம் தூங்கவில்லை. அதற்கடுத்த மாதம் எறும்பு கடித்தது, அதையே என் வாக்கியமாகச் சொன்னேன். நாலாவது மாதமா ஐந்தாவது மாதமா தெரியவில்லை, மரத்தின் வெளிறின பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது செதில் செதிலாக உரிந்து, உள்ளே புதுத் தோல் தெரியும். உள்ளங்கையை அதில் வைத்தால் வெயில் நேரத்திலும் குளிர்ந்திருக்கும். எதிர்க்கரையில் யாரோ துணி அடிக்கிற சத்தம். பாறைமேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. அழுகிறேன் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்றைக்குப் படித்துறையில், "எங்க அம்மா அடக்கத்துக்கு நான் போகல" என்றேன். அம்மா இறந்தபோது நான் கேரளாவில் இருந்தேன். விஷயம் தெரியும்போது பதினோரு நாள் ஆகியிருந்தது. அதன்பிறகு ஊர்ப் பக்கமே போகவில்லை. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. விதிப்படி அடுத்த ஆள் அவர் வாக்கியத்தைச் சொன்னார். சுண்டல் விளம்பின எஸ்தர் அக்கா மட்டும் எனக்கு இரண்டு கரண்டி போட்டாள். எஸ்தர் அக்கா பீடி சுற்றுகிறவள், மேலப்பாளையத்துக் கம்பெனிக்கு வாராவாரம் கட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாள். புருஷன் இல்லை.

அந்தக் காலத்தில் நான் குடிப்பேன். சனிக்கிழமை கூலி வாங்கினால் நேரே சாராயக் கடைக்குத்தான் போவேன். முதல் சனிக்கிழமைகளில் மட்டும் குடிக்காமல் இருக்க ஆரம்பித்து, பிறகு மற்ற சனிக்கிழமைகளிலும் விட்டேன். யாரும் சத்தியம் வாங்கவில்லை, தலையில் கை வைக்கவில்லை. கடற்புறத்தில் நான் கேட்ட அத்தனை பூசையும் பிரசங்கமும் செய்யாததை ஒரு மரமும் அதன் நிழலும் செய்தன என்று சொன்னால் பெரிய பேச்சாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். கடவுள் இருக்கிறாரா என்று மற்ற நாளில் கேட்டால் நான் யோசிப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தக் கேள்வியே வராது. மூன்று வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது. அதுவரை ஒரே இடத்துக்கு அவ்வளவு நாள் நான் போய்வந்ததே இல்லை.

ஒரு முதல் சனிக்கிழமை, சுண்டல் முடிந்ததும் உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரங்களுக்கெல்லாம் நம்பர் போட வேண்டும் என்றார். குடும்பத்துக்கு ஒரு மரம் பொறுப்பு, மிச்சம் இருக்கிற மூன்று மரம் பொதுவில். ஒவ்வொன்றின் சுற்றளவையும் உயரத்தையும் எழுதிவைத்தால் வருஷம் எவ்வளவு வளர்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். "உமக்குத்தாம்வே டேப் பிடிச்சு அளக்கத் தெரியும்" என்றார்.

இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கிறவனிடம், நெஞ்சு உயரத்தில் சுற்றளவும் கிளை பிரிகிற இடம் வரை உயரமும் அளந்து நம்பர் போடச் சொன்னால் எதற்கென்று தெரிய வேண்டாமா? தினமும் வியாபாரிகள் அதைத்தானே மில்லில் வந்து செய்கிறார்கள்? வேறு யாருடைய தோப்பாக இருந்தாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். அங்கே எனக்குத் தோன்றவில்லை. தோன்றக்கூடாத இடம் என்று ஒன்று மனசில் இருந்தால் கண் அப்படித்தான் இருக்கும் போல.

அடுத்த சனிக்கிழமை மில்லிலிருந்து டேப்பும் மஞ்சள் பெயிண்டும் எடுத்துக்கொண்டு போனேன். நான் அளந்து சொல்லச் சொல்ல அவர் நோட்டில் எழுதினார். ஆற்றோரம் நான் உட்காருகிற மரத்துக்கு ஒன்பது என்று நம்பர் வந்தது. மற்ற எண்களைவிட அதைக் கொஞ்சம் அழகாகப் போட்டேன். சுழியைக்கூட வளைத்து இழுத்தேன். உபதேசியார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மருதத் தடிகள். கடைசித் தடியின் பக்கவாட்டில் மஞ்சள் நாலு. யாரோ நம்மைப் போலவே நம்பர் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், பாருங்கள். அதன் அடியில் பதினொன்று. அதற்குப் பிறகுதான் கையெழுத்து யாருடையது என்று புரிந்தது.

"என்னவே முழிக்கீரு, இறக்கும்" என்றார் மில் முதலாளி. புதுக் கோயிலுக்கு உத்தரத்துக்கும் நிலைக்கும் பெஞ்சுக்கும் போக, மிச்சத்தை விற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

இறக்கினேன். அறுத்தேன். வேறு என்ன செய்ய, வேலை அது. பச்சை மரம், வாள் போகும்போது தண்ணீர் தெறித்தது. இரண்டு நாள் அறுத்தோம். ஒன்பதாம் நம்பர் புதன்கிழமை மத்தியானம் வந்தது. வாளில் வைத்ததும் பாதியில் சத்தம் மாறியது. உள்ளே பொந்து. நடுவில் வைரம் முழுக்க எப்போதோ உளுத்துப்போயிருந்தது. பலகைக்கு ஆகாது, விறகுக்குப் போடு என்றார் முதலாளி. அதை வெட்டாமலே விட்டிருக்கலாம். வெளியே தட்டிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும், ஆனால் உட்கார்ந்து சாய்கிற மரத்தை யார் தட்டிப் பார்ப்பார்கள்?

அடுத்த முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போனேன். வருகிறார்களா என்று பார்க்கத்தான். பதினாலு அடிக்கட்டை. அதற்கு முன்னால் அந்த இடத்தில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. கண் கூசியது. யாரும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து எஸ்தர் அக்கா வந்தாள். பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தாள்.

"எல்லாருந்தாம்லே கை தூக்குனோம்" என்றாள். "நானுந்தான் தூக்குனேன்."

அவள் சொல்லித்தான் முழுக்கதையும் தெரிந்தது. மேலே இருப்பவர்கள், காங்கிரீட் கோயில் கட்டாத சபையைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போகிறோம், உபதேசியாரையும் மாற்றிவிடுவோம் என்றிருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் கூட்டம் போட்டு மரங்களை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார். பதினோரு குடும்பமும் சம்மதம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வாள் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்திருந்தாலும் கை தூக்க முடியாது. என் பெயர் சபைப் பதிவேட்டில் கிடையாது. பிறந்த ஊர்க் கத்தோலிக்கச் சாமியாரிடம் போய்க் கடிதம் வாங்கிவந்தால்தான் சேர்ப்பார்கள். அந்த ஊருக்கு நான் போகிற நிலையில் இல்லை.

கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டேன். சொன்னாள். உபதேசியார் என்னிடம் நம்பர் போடச் சொன்ன அந்த முதல் சனிக்கிழமைக்கு ஆறு நாள் முந்தி.

அதாவது, வெட்டுவதென்று கை தூக்கிவிட்டு அந்தச் சனிக்கிழமை வந்து அதே மரங்களின் அடியில் அதே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். படித்துறையில் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு யார் யார் என்ன சொன்னார்கள் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மழை வரும் போலிருக்கு என்றார். ஒருவர் மகளுக்கு வரன் அமைந்ததற்கு ஸ்தோத்திரம் என்றார். உபதேசியார், மனசு நிறைஞ்சிருக்கு என்றார். வழக்கமாகத் தன் பீடி சுற்றுகிற கையைப் பற்றியோ தூக்கம் வராததைப் பற்றியோ சொல்கிற எஸ்தர் அக்கா, "சுண்டல்ல உப்பு கூடிப்போச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

"உன்ட்ட சொல்லணும்னுதான் நெனைச்சேன்" என்றாள் அக்கா. "என் மொறை வந்துச்சு, வாய் அதைச் சொல்லிட்டு."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அங்கே வந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் ஒரு மணி நேரம் எங்களால் உட்கார முடியவில்லை. வெயில்.

உபதேசியாரை இரண்டு மாதம் கழித்து டவுன் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவரே கிட்டே வந்து தோளில் கை போட்டார். கட்டட வேலை நன்றாக நடக்கிறது, தளம் போடுகிறார்கள், பார்க்க வாரும் என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அவர் மறைக்கவெல்லாம் இல்லை. நேரே சொன்னார்.

"சொன்னா நீரு அளந்து தந்திருக்கமாட்டீரே வே. வெளியாளை விட்டா அளவுல ஏமாத்திருவான். நீரு நம்ம ஆளுல்லா."

அந்த வாரமே மில்லை விட்டேன். கோயம்புத்தூர், பாலக்காடு, மறுபடி தூத்துக்குடி என்று பழையபடி சுற்ற ஆரம்பித்தேன். மறுபடி குடித்தேன், பிறகு வயிறு கெட்டதும் டாக்டர் சொல்லி விட்டேன். அவர் சீட்டில் எழுதித்தான் கொடுத்தார். அதில் மரம் கிரம் எதுவும் இல்லை.

தச்சநல்லூர்க் கல்யாணத்துக்கு மறுநாள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். முதலில் ஆற்றுக்குத்தான் போனேன். அடிக்கட்டைகளைக்கூட யாரோ தோண்டி எடுத்திருக்கிறார்கள். வேர் பிடித்திருந்த கரையை ஏதோ ஒரு வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. படித்துறையின் கடைசி நான்கு படி சரிந்து கிடக்கிறது. தோப்பு இருந்த இடத்தில் சீமைக் கருவேலம். பாறை இருக்கிறது, நீர்க்காகத்தைக் காணோம். டீக்கடையில் இருந்தவரிடம் இங்கே மருதந்தோப்பு இருந்ததே என்றேன். அவருக்கு முப்பது வயது இருக்கும். அப்படி ஒன்று இருந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. எஸ்தர் அக்காவைத் தெரிந்திருந்தது. இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது என்றார். உபதேசியார் ஓய்வு பெற்று மகனோடு சென்னையில் இருக்கிறாராம். சனிக்கிழமை வழக்கம் புதுக் கோயிலுக்குள் ஃபேனுக்கடியில் கொஞ்ச நாள் நடந்ததாம். ஒரு மணி நேரம் பத்து நிமிஷமாகி, பிறகு பத்து நிமிஷமும் போய், இப்போது அந்த நேரத்தில் பாட்டுக் குழு பழகுகிறதாம்.

கோயிலுக்குள் போகவில்லை. வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை. ஜெபக் குறிப்புகள் என்று போட்டு வரிசையாக எழுதியிருந்தது. மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, வியாதியஸ்தருக்காக. அதற்குக் கீழே, சபையை விட்டு விலகிப் போனவர்கள் திரும்பி வர. ஐந்து பெயர். மூன்றாவது என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். மை புதுசாக இருந்தது. வருஷா வருஷம் பார்த்து எழுதுகிறார்கள் போல. கை தூக்கின அன்றைக்கு அவர்கள் பதிவேட்டில் இல்லாத பெயர்.

ஒரு பெண் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். யாரையும் இல்லை என்றேன். எங்கே திரும்பி வர என்று அவளிடம் கேட்டிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நடந்தேன். ரோடு வரைக்கும் நிழல் இல்லை.